வீட்டில் சுவர் கனம் போதவில்லை

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறைக்காரர் வீதி 14/2ஆம் எண் வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: மருமகள் தமயந்தி, வயது முப்பத்துநான்கு. அவள் புருஷன் தண்டபாணி, கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைசல்காரன். அவன் அம்மா மயிலாத்தாள், கையில் கறுப்பு உளுந்தங்களி ஒரு கிண்ணம். அவன் அக்கா ராஜாமணி, பையில் மாதுளை பன்னிரண்டு. ராஜாமணியின் சம்பந்தியம்மா, எள்ளுருண்டை இருபத்தைந்து, வழியில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டதால் இருபத்துநான்கு. எதிர்வீட்டு பிலோமினா டீச்சர், பிளாஸ்க்கில் பீட்ரூட் சாறு. பால்காரர் வேலுச்சாமி, பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம். எழுத்தாயி கோயில் பண்டாரம், மலைவேம்புச் சாறு அரைப் பாட்டில். கொத்தனார் ஆறுமுகம், தன் சம்சாரம் கொடுத்தனுப்பிய கல்யாண முருங்கைக் கீரை ஒரு கட்டு. ஆக ஒன்பது பேர். மூலையில் சூப்புக்கென்று கால் கட்டிக் கிடந்த கருங்கோழியைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை; தமயந்தியின் சம்மதத்தையும் கேட்கவில்லைதான், ஆனாலும் அவளைச் சேர்த்தாக வேண்டியிருந்தது.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஒன்பதாவது ஆளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் அஞ்சே முக்காலிலேயே நிக்குதா அம்மிணி?" என்று கேட்டார் பால்காரர்.

"அஞ்சு புள்ளி எட்டுங்ணா" என்று திருத்தினான் தண்டபாணி, பட்டறைப் புத்தி விடாமல்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம், வைத்தியம் தொடங்கி நாலு வருஷம். டவுனில் கருத்தரிப்பு ஆஸ்பத்திரி ஒன்றில் அவர்கள் இருவருடைய கருக்கள் மூன்றை உறைய வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அதில் ஒன்றை எடுத்து உள்ளே வைக்க வேண்டுமானால் கர்ப்பப்பையின் உட்சுவர் ஏழு மில்லிமீட்டராவது கனத்திருக்க வேண்டும் என்பது அங்கிருந்த டாக்டரம்மாவின் கணக்கு. இரண்டு தடவை மாத்திரை சாப்பிட்டும் கனம் ஏறாமல் வெறுமனே திரும்பி வந்தாயிற்று. இது மூன்றாவது தடவை. "இந்தத் தடவையும் ஏறலைன்னா நிறுத்திக்கலாம்மா, உங்க உடம்பை இதுக்கு மேல படுத்த வேண்டாம்" என்று டாக்டரம்மா சொன்னது இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்றும் அந்தக் குளிரில் யாருக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன என்ற கேள்வியை அந்த இரக்கம் தொடவில்லை.

முந்தின நாள் வியாழக்கிழமை ஸ்கேனில் 5.8 என்று வந்தது. அதைத் தமயந்தி புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவன் அம்மாவிடம் மட்டும் சொன்னான். அம்மா மகளிடம் மட்டும் சொன்னாள். இப்படி மட்டும், மட்டும் என்றே போய், சாயங்காலம் ஆறு மணிக்குள் வீதியில் இருந்த முப்பத்தோரு வீட்டுக்கும் அந்த எண் தெரிந்துவிட்டது.

எண்ணைச் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. எதன் எண் என்று சொல்லத்தான் கூச்சம். கர்ப்பப்பை என்ற வார்த்தை ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த வீட்டில் புழங்கியதில்லை. சுவர் என்பார்கள். "சுவரு எப்படி இருக்குது?" "சுவருக்கு நல்லது கண்ணு, கொட்டையோட மென்னு தின்னு." வாசலில் நின்று கேட்கிற யாரும் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

பத்தேகால் மணிக்கு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கொத்தனார் ஆறுமுகம் முதுகைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"என்னுங்க இது, சுவரு சுடுது?"

தரையிலிருந்து கூரை வரை நாலு பக்கமும் சுவர் சிவந்திருந்தது. சாயம் பூசிய சிவப்பு அல்ல, நாக்கின் சிவப்பு. தொட்டால் மெத்தென்று உள்வாங்கியது, விரலை எடுத்தால் மெல்லத் திரும்பி வந்தது. காலண்டர் மாட்டிய ஆணி தலை வரை உள்ளே போயிருந்தது. ஆறுமுகம் விரலை அழுத்திப் பார்த்தார், விரலை மோந்து பார்த்தார், காதை வைத்துக் கேட்டார்.

"ஓதமில்லீங்க. ஓதம்னா உப்புப் பூக்கும், பொருக்கு உதிரும். இது சுவரு நல்லா ஊட்டமா இருக்குது, அவ்வளவுதான்."

தண்டபாணி உள்ளே போய்ப் பட்டறை அளவுகோல் வெர்னியரை எடுத்து வந்தான். அதன் கூர்முனையைச் சுவரில் குத்திப் பழைய காரை தட்டுப்படும் வரை இறக்கி அளந்தான். 5.8 மில்லிமீட்டர்.

யாரும் கூச்சல் போடவில்லை. சம்பந்தியம்மா சேலையில் கறை படாமல் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். டீச்சர், இதன் மேல் பெயிண்ட் பிடிக்குமா என்று கேட்டாள். பால்காரருக்கு இன்னும் பதினொரு வீடு பாக்கி இருந்ததால் அவர் கிளம்பினார். பண்டாரம் கையைத் தலைக்கு மேல் கூப்பி, "எழுத்தாயி படிச்சுட்டா" என்றார், மயிலாத்தாள் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாய் நிறையக் களியுடன் உட்கார்ந்திருந்த தமயந்தி மட்டும் ஒன்றைக் கவனித்தாள். அவள் ஒரு வாய் விழுங்கியபோது சுவர் ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்தது. விழுங்கியது தொண்டைக்குக் கீழே எங்கும் இறங்கியதாக அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை எட்டு மில்லிமீட்டர், ஞாயிற்றுக்கிழமை இருபது, திங்கட்கிழமை நாற்பத்தொன்று என்று தண்டபாணி நோட்டில் எழுதி வந்தான். அளவு கூடக் கூட வீதி அதற்குப் பழகிக்கொண்டது. முதல் நாள் எட்டிப் பார்த்தவர்கள் இரண்டாம் நாள் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார்கள், மூன்றாம் நாள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் குழந்தையில்லாதவர்களுக்கு வடக்குச் சுவர், முட்டி வலிக்காரர்களுக்குத் தெற்குச் சுவர், சும்மா வந்தவர்களுக்குக் கிழக்கு என்று ராஜாமணி பிரித்துவிட்டாள், மேற்குச் சுவரில் டிவி இருந்ததால் அது குடும்பத்துக்கு என்று நின்றது. மாநகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து உள்ளளவு எடுத்து, வீடு சுருங்கி வருகிறது, ஆனால் சுவர் வெளியே வீதிப் பக்கம் ஓர் அங்குலமும் நீளவில்லை, எனவே ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தானும் ஐந்து நிமிஷம் தெற்குச் சுவரில் சாய்ந்துவிட்டுப் போனார்.

அவர்கள் அந்தச் சுவரை என்ன பாடுபட்டுப் பார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னால்தான் தமயந்தி ஏன் பல்லை நறநறவென்று கடித்தாள் என்று புரியும். சுவருக்கு வெயில் ஆகாது என்று ஜன்னலுக்குத் திரை போட்டார்கள், சுவருக்குக் குளிரும் ஆகாது என்று மின்விசிறியை நிறுத்தினார்கள், சுவருக்குப் பக்கத்தில் சத்தம் போட்டுப் பேசக்கூடாது என்று டிவியின் வாயை அடைத்தார்கள், வெள்ளை வேட்டியை நனைத்துப் பிழிந்து ஒத்தி எடுத்தார்கள், ஈ உட்கார்ந்தால் விசிறினார்கள், பேன் பார்ப்பதுபோல விரல் நுனியால் தடவித் தடவி, "பாவம், என்ன பொறுமையா இருக்குது பாரு" என்று சொன்னார்கள். ஒன்பது வருஷமாகப் பொறுமையாக இருந்தவள் அவர்களுக்கு நடுவில் எள்ளுருண்டைத் தட்டோடு நின்றாள். அவள் தின்றால் சுவர் சிவக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு அவளை உட்காரவும் விடவில்லை. காலையில் களி, எட்டு மணிக்குப் பீட்ரூட், பத்துக்கு மாதுளை, பதினொன்றுக்கு எள்ளு, மத்தியானம் கீரையடை, மூன்றுக்குப் பேரீச்சை, ஐந்துக்கு மலைவேம்பு, ஒவ்வொரு வாய்க்கும் பத்துப் பேர் சுவரைப் பார்த்து, "ஆங், எடுத்துக்கிச்சு, எடுத்துக்கிச்சு" என்று சந்தோஷப்பட்டார்கள். வாய் இவளுடையது, வயிறு அதனுடையது.

"ஏங்கண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற? எல்லாரும் உனக்காகத்தானே வாராங்க" என்றாள் மயிலாத்தாள்.

"எனக்காக வந்தவிய என்னையப் பாக்கோணுமல்லங்க அத்தை."

"பேச்சு மட்டும் குறைச்சலில்ல. இந்தா, இந்த உருண்டையப் போடு வாயில."

புதன்கிழமை தண்டபாணியின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

எழுத்தாயி கோயிலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த அம்மனுக்குக் காது கிடையாது. வாய்ப்பேச்சு வேண்டுதல் அங்கே செல்லாது, பிராது எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. இரண்டு பிரதி எழுத வேண்டும், ஒன்றைச் சூலத்தில் கட்ட வேண்டும், மற்றொன்றைக் காரியம் முடியும் வரை உடம்போடு வைத்திருக்க வேண்டும். கதவு எண்ணும் வீதியும் கட்டாயம். எழுதியதில் இருப்பதை அம்மன் அப்படியே செய்வாள், எழுதாததைத் தானாக யூகித்துச் செய்ய மாட்டாள். பிழை வந்தால் எழுதிய கைதான் திருத்தல் எழுதிக் கட்ட வேண்டும், வேறு கை எழுதினால் ஏற்காது.

தமயந்தி பிரித்துப் படித்தாள்.

"கதவு எண் 14/2, பட்டறைக்காரர் வீதி. தாயே, எங்கள் வீட்டில் சுவர் கனம் போதவில்லை. இன்றைய அளவு 5.8 மி.மீ. நாளுக்கு நாள் கூட்டித் தர வேண்டும். இப்படிக்கு, ப. தண்டபாணி."

அவள் அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாம் தடவை படித்து முடித்ததும் சட்டையை அப்படியே வாளியில் போட்டுவிட்டு, ஷேவிங் பண்ணிக்கொண்டிருந்த புருஷனின் முன்னால் போய் நின்றாள்.

"இதுல என்ற பேரு எங்கீங்க?"

அவன் நுரையோடு திரும்பினான். "ஏன், போட்டிருக்கறனே. எங்க வீட்லன்னு."

"வீட்லன்னா?"

"வீட்லன்னா நீதானே. ஊருல எவன் பொண்டாட்டி பேரச் சொல்றான்? பட்டறையிலகூட, எங்க வீட்ல ஒடம்பு சரியில்லைன்னுதான் லீவு கேக்கறன். ஒருத்தனும் மேஸ்திரியக் கூட்டிட்டுப் போன்னு சொன்னதில்லையே."

"பட்டறையில அவியளுக்குத் தெரியும். எழுத்தாயிக்குத் தெரியுமா? அவ கதவு நெம்பரப் பாத்து வந்து, சுவத்தப் பாத்து, கூட்டிக் குடுத்துட்டா. எதுவரைக்கும் கூட்டோணும்னும் எழுதலை, நிறுத்தாம கூட்டறா."

அவன் முகம் மெல்ல மாறியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு அவன் சொன்னதுதான் அவளைச் சுட்டது.

"அதுக்காக... அந்த வார்த்தைய சாமிகிட்ட எப்படிம்மா எழுதறது?"

"எந்த வார்த்தைய?"

அவன் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவனால் அதைக் கேள்வியாகக்கூடச் சொல்ல முடியவில்லை. சமையலறையிலிருந்து மயிலாத்தாள், "காலங்காத்தால அசிங்கம் பேசாதீங்க, சுவரு கேக்குது" என்றாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் 5.1 என்று வந்தது. குறைந்திருந்தது. டாக்டரம்மா மாத்திரையை இன்னும் ஒரு வாரம் நீட்டினாள், அடுத்த வியாழக்கிழமை கடைசி ஸ்கேன், அன்றைக்கு ஏழைத் தொடவில்லையென்றால் முடிவு என்றாள். வெளியே நர்ஸ் ஷர்மிளா, சீட்டு எழுதிக்கொண்டே, வீட்டில் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். தமயந்தி விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஏழாவது விரலில் நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"மலைவேம்பா? மாத்திரை சாப்பிடுறப்ப எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? எது எதோட சேரும், சேராதுன்னு யாருக்குங்க தெரியும்? இன்னைக்கே நிறுத்துங்க. மாதுளை, கீரை, உளுந்து எல்லாம் சாப்பாடு. பசிச்சா சாப்பாடாச் சாப்பிடுங்க. பரீட்சை எழுதற மாதிரி முழுங்காதீங்க. தூங்கறீங்களா?"

"எடமில்லீங்க சிஸ்டர்."

"கொஞ்சமாவது நடக்கறீங்களா?"

"கால் வைக்க எடமிருந்தா நடப்பனுங்க."

"வீட்டுக்குள்ள யாராவது சிகரெட்?"

தமயந்தி கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தாள். தண்டபாணி வேப்பமரத்தடியில் நின்று ஊதிக்கொண்டிருந்தான். நர்ஸும் பார்த்தாள்.

"இதெல்லாம் சரி பண்ணா ஏறிருங்களா?"

ஷர்மிளா பொய் சொல்லவில்லை. "சிலருக்கு ஏறும், சிலருக்கு ஏறாது. ஏன்னு கேட்டா டாக்டரம்மாவே சொல்ல முடியாது. ஆனா உங்களுக்குன்னு தர்றது உங்க உடம்புக்குள்ள போகணுமில்ல? அதுகூட இல்லாம என்ன வைத்தியம்?"

பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். வீட்டில் அவளுக்காக ஒரு செய்தி காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு.

"யாருக்குங்க?" என்றாள்.

"சுவத்துக்குத்தான்" என்றாள் ராஜாமணி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்ற முகத்தோடு. "ஒரு அடி கனம் வந்துரும் அன்னைக்கு. நல்ல நாளும்கூட."

ஞாயிற்றுக்கிழமை சரியாக ஓர் அடி. பத்துக்குப் பன்னிரண்டாக இருந்த முன்னறை எட்டுக்குப் பத்தாகிவிட்டது, அதில் நாற்பத்தாறு பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். சந்தனம் குழைத்திருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று ஐந்து பாத்திரம் வரிசையாக இருந்தது. வடக்குச் சுவருக்கு ஒரு பட்டுச்சேலையைக் குறுக்கே சார்த்தி, பூ வைத்து, ஒவ்வொருத்தியாக எழுந்து போய்க் கண்ணாடி வளையலை அந்த மெத்தென்ற சிவப்பில் பதித்துவிட்டு, கன்னத்தில் சந்தனம் தடவுவதுபோலச் சுவரில் தடவிவிட்டு வந்தார்கள். பச்சையும் சிவப்புமாக நூற்று முப்பத்தெட்டு வளையல்கள்.

"நீ சித்தெ சமையக்கட்டுல இரு கண்ணு" என்று ராஜாமணி காதோடு சொன்னாள். "புள்ள பெக்காதவ எதுக்கால நின்னா நாலு பேரு நாலு சொல்லுவாங்க. தப்பா நெனச்சுக்காத."

சமையலறையிலும் சுவர் ஓர் அடி வளர்ந்து பிரிட்ஜின் கதவைத் திறக்கவிடாமல் இடித்துக்கொண்டிருந்தது. தமயந்தி அதற்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு நிமிஷம் நின்றாள். முன்னறையில் ஒருத்தி நலங்குப் பாட்டு எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தமயந்தி அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும், பால் கணக்கு எழுதும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, அந்த நாற்பத்தாறு பேர் மடியையும் காலையும் தாண்டி, வாசலருகே ஆண்களோடு நின்றிருந்த புருஷனிடம் போனாள்.

"எழுதுங்க."

"இப்பவா? ஒறம்பரை சனமெல்லாம் இருக்குது..."

"உங்க பட்டறைக்கு டிராயிங் வருதல்லங்க. அளவு மட்டும் போட்டு, எந்த உருப்படின்னு போடாம ஒண்ணு வந்தா கடைவீங்களா?"

"எப்படிக் கடையறது? திருப்பி அனுப்பிருவோம்."

"பேரு தெரியாமயே கடைஞ்சிட்டா?"

"மெட்டீரியல் பூரா வேஸ்டு" என்றான் தண்டபாணி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. பதினெட்டு வருஷமாகக் கடைசல் வேலை செய்கிறவன். முடியளவு பிசகினால்கூடப் பீஸை ஒதுக்கிப் போடுகிறவன். அவன் சுவரைப் பார்த்தான், சுவரில் பதிந்த வளையல்களைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

பாட்டு நின்றுவிட்டது. "ஆம்பளைங்க நிக்கற எடத்துல பேசற பேச்சா இது?" என்றாள் மயிலாத்தாள்.

"ஆம்பளையும் சேந்துதானுங்க அத்தை வைத்தியம் பாக்கறம்." தமயந்தியின் குரல் ஏறவில்லை, ஏறாததால் கடைசி வரிசை வரை கேட்டது. "ஒம்பது நாளா இந்தச் சுவத்துக்கு விசிறி விட்டீங்க. வேட்டி நனைச்சு ஒத்தி எடுத்தீங்க. என்ற முதுகுல ஒருத்தி கை வெச்சீங்களா? எனக்குள்ள இருக்கறதுக்குப் பேரு இல்லையா? சுவராம் சுவரு. பேரு சொல்ல வாய் கூசுது, அளவு கேக்க மட்டும் யாருக்கும் கூசறதில்ல. பால் ஊத்தறவரு கேக்கறாரு எத்தனை மில்லின்னு!"

பால்காரர் வேலுச்சாமி மேலே கூரையைப் பார்த்தார்.

தண்டபாணி தாளைச் சுவரில் வைத்து எழுதப் பார்த்தான், அது உள்வாங்கியது. கீழே உட்கார்ந்து தன் தொடையின் மேல் வைத்து எழுதினான். ஒரு வரி எழுதினான். இரண்டாம் வரியில் பேனா நின்றது. கூச்சத்தால் நிற்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் தலை தூக்கி, "அதுல எத்தனை 'ப்' வரும்?" என்றான்.

 பிறகு பின்வரிசையிலிருந்து பிலோமினா டீச்சரின் குரல் வந்தது, முப்பத்திரண்டு வருஷம் மூன்றாம் வகுப்பை அடக்கிய குரல். "ர் போட்டு ஒரு ப் போடுப்பா. ப போடு. இன்னொரு ப் போடு. அப்புறம் பை. மொத்தம் ஆறு எழுத்து. இதுக்கு ஒம்பது வருஷமா?"

ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மயிலாத்தாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"படிங்க" என்றாள் தமயந்தி.

"அம்மனுக்குத்தான் காது கேக்காதே."

"எனக்குக் கேக்கும்."

அவன் எழுந்து நின்று படித்தான். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. "கதவு எண் 14/2, பட்டறைக்காரர் வீதி. தாயே, போன பிராதில் வீட்டில் என்று எழுதியது என் பிழை. அது கட்டடம் இல்லை. அவள் பேர் தமயந்தி. சுவர் என்று எழுதியது அவளுடைய கர்ப்பப்பையின் உள்பக்கம். அதற்கு ஏழு மி.மீ. போதும். கட்டடத்துக்குக் கொடுத்ததை நிறுத்திக்கொள்ள வேண்டும். இப்படிக்கு, தமயந்தியின் புருஷன், ப. தண்டபாணி."

அதையே இன்னொரு தாளிலும் எழுதி, இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தான். கோயில் பதினோரு நிமிஷ தூரம்.

பன்னிரண்டாவது நிமிஷம் முதல் வளையல் விழுந்தது. பிறகு இரண்டு, பிறகு ஐந்து, பிறகு எண்ண முடியாதபடி எல்லாம் ஒரே சத்தமாக விழுந்தன, பட்டுச்சேலை நழுவியது, கூரை விளிம்பிலிருந்து சிவப்பு மெல்ல இளகி இறங்கியது, ஒரு சத்தமும் இல்லாமல் வெதுவெதுப்பாக இறங்கி, தரையில் பரவி, ஐந்து சோற்றுப் பாத்திரத்தின் அடியில் புகுந்து, நாற்பத்தாறு பேரின் சேலைக் கரையைத் தொட்டு, வாசற்படி தாண்டி வீதிச் சாக்கடையைப் பார்த்து ஓடியது.

முதலில் புரிந்தது ராஜாமணிக்குத்தான். சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு அலறினாள்.

"ஐயையோ, வீடு வீட்டுக்கு விலக்காயிருச்சு!"

அவ்வளவுதான். காலையில் கன்னத்தில் ஒற்றிக்கொண்ட அதே சிவப்பை இப்போது மிதிக்கவே பதறினார்கள். முதுகு சாய்த்தவர்கள் முதுகைத் தேய்த்துக் குளிக்க ஓடினார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் கண்ணைக் கழுவ ஓடினார்கள், தீட்டு தீட்டு என்று கத்திக்கொண்டு ஒருத்தி காலை ஒருத்தி மிதித்து நாலே நிமிஷத்தில் நாற்பத்தாறு பேரும் வெளியேறினார்கள். மயிலாத்தாள் சமையலறைப் பக்கமிருந்து எட்டி எட்டி வாசலுக்கு வந்து, "மூணு நாள் கழிச்சு வாரேன், நான் ராஜாமணி வீட்டுல இருக்கறேன்னு அவன்கிட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் குதித்து இறங்கினாள். விலக்கானவளை வெளியே உட்கார வைப்பார்கள். வீடே விலக்கானால் அதை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆகையால் அவர்களே வெளியே போய்விட்டார்கள்.

தமயந்தி நடு அறையில் நின்றாள். கணுக்கால் வரை வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு நாளும் அவளுக்குள் போகாமல் சேர்ந்த களியும் மாதுளையும் எள்ளும் கீரையும் இதோ போகிறது, போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்டபாணி திரும்பி வந்து வாசலிலேயே நின்றான்.

"உள்ள வரலாமா?"

"வந்து தொடைங்க."

வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டி நழுவி அந்தச் சிவப்பில் விழுந்து மிதந்து வாசல் பக்கம் போயிற்று. அவன் ஒரு கணம் அதைப் பார்த்தான், எடுக்கப் போகவில்லை. மூன்று நாள் வீடு வழிந்துகொண்டிருந்தது. மூன்று நாளில் அவன் இருநூற்றுப் பன்னிரண்டு வாளி அள்ளிக் கொட்டினான், பட்டறைக்குப் போன் போட்டு, "தமயந்திக்குத் துணைக்கு இருக்கறேன்" என்று லீவு சொன்னான். அந்தப் பக்கம் கேட்டவருக்குத் தமயந்தி யார் என்று தெரியாததால் விளக்கவும் வேண்டியிருந்தது. மூன்று நாளும் வாசற்படியை ஒருவரும் மிதிக்கவில்லை. தமயந்தி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்துத் திங்கட்கிழமை விடிந்த பிறகுதான் எழுந்தாள். காலையில் தனியாக ரயில்வே கேட் வரை நடந்துவிட்டு வந்தாள், வீதியில் எதிர்ப்பட்டவர்கள் தீட்டுக்குப் பயந்து ஒதுங்கி வழி விட்டதில் நடக்க வசதியாக இருந்தது. மிச்சமிருந்த மாதுளையில் ஒன்றைத் தானே உரித்து, யாரும் பார்க்காமல், ஒவ்வொரு மணியாகத் தின்றாள். அது தித்திப்பு என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். சுவர் தன்பாட்டுக்கு நின்றது.

புதன்கிழமை காலை வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் மறுபடி தெரிந்தது. தண்டபாணி அளந்தான். செங்கல்லும் காரையும் சேர்த்து ஒன்பதே முக்கால் அங்குலம், பத்துக்குப் பன்னிரண்டு அறை.

வியாழக்கிழமை ஸ்கேன் அறைக்குள் அவனும் வந்தான். நாலு வருஷத்தில் முதல் தடவை. அங்கே திரையில் இருந்ததை நர்ஸ் ஷர்மிளா விரலால் தொட்டுக் காட்டி ஓர் எண்ணைச் சொன்னாள். தமயந்தி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். தண்டபாணி பழக்கத்தில் நோட்டை எடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடி வைத்துவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் பால்காரர் கேட்டார். "எத்தனைன்னு சொன்னாங்க அம்மிணி?"

"ரெண்டு டம்ளர் ஊத்துங்க, போதும்."

"இல்லீங்க, நான் கேட்டது அது..."

"நான் சொன்னது பாலு."

இன்னும் மகள் வீட்டிலேயே இருந்த மயிலாத்தாள் போனில் மகனிடம் கேட்டாள். "தமயந்தியக் கேளுங்கம்மா" என்றான் அவன்.  டீச்சர் கேட்கவில்லை. ராஜாமணி நாலு தடவை கேட்டாள். முப்பத்தோரு வீட்டில் ஒரு வீட்டுக்கும் அந்த எண் தெரியாது, ஆகவே இங்கேயும் எழுதப்படாது.

அதற்கடுத்த புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டினார்கள். தமயந்தி பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கணவர் என்ற இடத்தில் தண்டபாணி போட்டான். உறைய வைத்தது மூன்று. எடுத்து உள்ளே வைத்தது ஒன்று. மிச்சம் இரண்டு.